அண்ணன் மேல் விழுந்த மண்

என் அந்தோணி அண்ணே,

நேற்று கல்லறைத் திருநாள். உன் கல்லறைக்கு நானே வெள்ளையடித்தேன். ஒரு பக்கம் திட்டுத்திட்டாக நிற்கிறது. நீ இருந்திருந்தால் "ஒரு வேலையாவது உருப்படியா செய்யிறியாடா" என்று பிரஷ்ஷைப் பிடுங்கியிருப்பாய். ஜென்சி சாமந்தி மாலை போட்டாள். பெரியப்பாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு கை வறுகடலையும் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தாள். பூசையில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தபோது உன் பெயர் வந்தது. அதற்கு அடுத்து தங்கராசு என்று ஒரு பெயர் வந்தது. நம் கோயிலில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்பதால் பலரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெயரைக் கொடுத்தது நான்தான். அது மட்டுமில்லை, நேற்று நீ எதிர்பார்க்கவே முடியாத ஒருவர் உன்னைப் பார்க்க வந்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் சொல்வதென்றால் கல்லறையோரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருப்பேன். ஊரும் கேட்க வேண்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும் அண்ணே, இந்த ஒரு தடவை நான் உன் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

ஊருக்குத் தெரிந்த கதை இதுதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் காலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டிய அந்தோணி, அரியலூர் பெரம்பலூர் ரோட்டில், ஏரிக்கரை வளைவில், வெங்காய மூட்டையோடு டிவிஎஸ் வண்டியில் வந்த தங்கராசு என்ற விவசாயியை இடித்துவிட்டான். அவர் அங்கேயே இறந்தார். அந்தோணி ஒரு வருஷம் திருச்சி ஜெயிலில் இருந்தான். இதில் ஒன்றுதான் தப்பு. வண்டியை ஓட்டியது நீ இல்லை. நான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. உன் வண்டியில் கிளீனர். லைசென்ஸ் கிடையாது. நீ விடாமல் இரண்டு நாள் ஓட்டியிருந்தாய், கண் செருகிக்கொண்டு வந்தது. "காலி வண்டிதானே, குடுண்ணே, நான் ஓட்டுறேன்" என்று நான்தான் கெஞ்சினேன். நீ பக்கத்து சீட்டில் சாய்ந்ததும் தூங்கிவிட்டாய். காலி வண்டி பறக்கும், தெரியும்தானே. அந்த வளைவில் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவர் வலப்பக்கம் வந்தார், மாடு குறுக்கே வந்தது என்றெல்லாம் பிற்பாடு சொல்லிக்கொண்டோம். மாடும் இல்லை, ஒன்றும் இல்லை.

சத்தத்தில் எழுந்து நீ குதித்து ஓடினாய். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ரோடு முழுக்கச் சின்ன வெங்காயம் உருண்டு கிடந்தது. நீ அவர் தலையை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தாய், பிறகு மெதுவாகக் கீழே வைத்தாய். திரும்பி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாய். உன் கைலியெல்லாம் ரத்தம்.

"நவுரு."

"அண்ணே, அவரு..."

"போயிட்டாரு. நவுருடா. அந்தப் பக்கம் போய் உக்காரு. நீ தூங்கிட்டு இருந்தே. புரியுதா? நீதான் தூங்கிட்டு இருந்தே."

வெளியில் பேச மாட்டார்கள், ஆனால் நம் தொழிலில் இது வழக்கம்தான். வண்டி இடித்துவிட்டால் யார் கையில் ஸ்டியரிங் இருந்தது என்று பார்ப்பதில்லை, யார் பையில் லைசென்ஸ் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அவன் சீட்டுக்கு வந்துவிடுவான். எத்தனையோ வண்டிகளில் நடந்ததுதான். ஆனால் மற்றவர்கள் ஓனர் சொல்லி மாறுவார்கள், பயந்து மாறுவார்கள். உன்னிடம் யாரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் வைத்து, அம்மா பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டாய், யாரிடமும் சொல்லக் கூடாது என்று. நான் உடனே சத்தியம் செய்தேன். ஒரு தடவையாவது "வேண்டாண்ணே" என்று சொன்னேனா என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசல். உனக்கு மறந்திருக்காது. தங்கராசுவின் மனைவி பொன்னம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி உன் மேல் தூற்றினார். "எங் குடும்பத்த அழிச்சவனே, ஒன் வம்சம் வெளங்காமப் போவும்டா. நீ நாசமாத்தான் போவ." உன் தலையில், வெள்ளைச் சட்டையில், கண்ணில் எல்லாம் மண். நீ தட்டிவிடவில்லை. அப்படியே போலீஸ் வேனில் ஏறினாய். நான் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். என் செருப்பிலும் கொஞ்சம் விழுந்தது. நான் காலை உதறிக்கொண்டேன்.

அந்த மண் பலித்தது அண்ணே. பேசி முடித்திருந்த பெண் வீட்டார் ஜெயிலுக்குப் போனவனுக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். திரும்பி வந்த பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ரெட்டிபாளையத்தில் சிமெண்டு மூட்டை ஏற்றப் போனாய். அம்மா கண்ணை மூடும்வரை "கொஞ்சம் பாத்து ஓட்டியிருக்கக் கூடாதாப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் "ஆமாம்மா, தப்புதாம்மா" என்றாய். அடுத்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டவன் நான். எனக்கு ரீட்டாவோடு கல்யாணம் ஆனது, ஜென்சி பிறந்தாள், முறைப்படி லைசென்ஸ் எடுத்தேன், பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலையும் கிடைத்தது. சாபம் உன்னோடு நின்றுவிட்டது.

பெரிய வெள்ளிதோறும் சிலுவைப் பாதையில் அந்தப் பெரிய மரச்சிலுவையை நீதான் தூக்குவாய். வேறு யாருக்கும் விடமாட்டாய். "செஞ்ச பாவத்துக்குப் பரிகாரம் பண்றான், பாவம்" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். நான் உனக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நடப்பேன். பதினாலு ஸ்தலம், ஒவ்வொன்றிலும் முழங்கால் போடுவேன். உன் தோளில் சிலுவை அழுத்திய இடம் சிவந்திருப்பதுதான் எனக்கு எதிரே தெரியும்.

பிரசங்கத்தில் ஒவ்வொரு வருஷமும் அதே செய்திதான். குற்றமில்லாத ஒருவர் குற்றவாளிகளின் இடத்தில் போய் நின்றார், அவர் பட்ட பாடுகளால் நமக்குப் பாவப் பரிகாரம் உண்டானது. பக்கத்தில் நின்றவர்களுக்கு அது விசுவாசம். எனக்கோ அது ஏரிக்கரை வளைவில் கண்ணால் பார்த்தது. பாடுகளை வாசிக்கும்போது ஒரு கள்ளன் வருவானே, ஆண்டவருக்குப் பதிலாக ஜனங்கள் விடுதலை கேட்ட கள்ளன். அவனைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரிகூட இல்லை. அன்று வீட்டுக்குப் போய் அவன் என்ன செய்தான்? சாப்பிட்டானா? தனக்காகச் செய்யப்பட்ட சிலுவையில் இன்னொருவர் தொங்குவதை எட்ட இருந்தாவது பார்த்தானா? யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வருஷாவருஷம் இதையே நினைத்துக்கொண்டு நிற்பேன்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை. நம் சாமியாருக்குக் குரல் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறி பெரம்பலூர் போய்ச் சொன்னேன். அந்தச் சாமியார் மன்னிப்பு கொடுத்து ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார். பஸ்ஸிலேயே சொல்லி முடித்தேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மனசு லேசாக இருந்தது. அங்கே டீக்கடையில் சிமெண்டுத் தூசியோடு நீ நின்றுகொண்டிருந்தாய். "எங்கடா போயிட்டு வரே, சாப்பிட்டியா?" என்று கேட்டாய். அவ்வளவுதான், எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த வருஷத் தபசு காலத்தில், பெரிய வெள்ளிக்குச் சில வாரம் முன்னால், மாரடைப்பு வந்து, மூட்டையோடு மூட்டையாக நீ சாய்ந்தாய். நாற்பத்தைந்து வயது. அழுதேன், ஒளிப்பதற்கென்ன, அழுகைக்கு நடுவில் ஒரு நிம்மதியும் வந்தது. இனி இது யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நிம்மதி. உன் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படி நினைத்தேன். என்ன மனுஷன் நான் என்று நீயே பார்த்துக்கொள்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொன்னம்மா நம் வீட்டுக்கு வந்தார்.

புருஷன் போன பிறகு அவர் பிறந்த ஊரான குரும்பலூருக்கே போய்விட்டாராம். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ரீட்டா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் தரையில் வைத்தார்.

"ஒங்க அண்ணன் தவறிட்டாராமே. கல்யாணமே பண்ணிக்கலியாமே. புள்ள குட்டி இல்லாமயே போயிட்டாராமே."

"ஆமாங்கம்மா."

"நான் விட்ட சாபங்க. வம்சம் வெளங்காதுன்னு மண்ண வாரித் தூத்துனேன். அப்ப ஆத்தாம அப்பிடி இருந்துச்சு. ஆனா அந்த மனுசன் வேணும்னேவா இடிச்சாரு? இப்ப எம் மவளுக்கு ரெண்டு தடவ வயித்துல தங்காம கலைஞ்சு போச்சுங்க. அடுத்தவன் வம்சத்த அழிச்ச வாயி, எம் மவ வயித்துலயே வந்து நிக்குது. அவரு காலுல விழுந்து கேட்டுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள போயிட்டாரு. நீங்க தம்பிதானே, நீங்களாவது மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் அண்ணே. என்னிடம்! நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா, அது மாரடைப்புங்க, மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்று சொல்லி, பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சுமந்ததோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். தீரவில்லை, ஆள் மாறிக்கொண்டே போகிறது. என்னிடமிருந்து உனக்கு வந்தது, இப்போது ஒரு பாவமும் அறியாத அந்தம்மாவின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் ஏதாவது ஆனால், இந்தம்மா தன்னையே என்ன செய்துகொள்வார்?

கடைசியில் நம் பங்குச் சாமியாரிடமே போனேன். போன வருஷம் வந்தவர், என்னைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "உங்க பாவத்த ஆண்டவர் சுமந்துட்டாரு. அதுல எனக்குச் சந்தேகமே இல்லீங்க. ஆனா உங்க அண்ணனால அத சுமக்க முடியாது, அது மனுசனால ஆவாது. அவரு சுமந்தது பழிய. அந்தப் பழி இன்னும் அவரு கல்லறை மேலதான் கெடக்கு."

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேனே சாமி."

"அந்தச் சத்தியத்தப் பத்தி அந்தம்மா முன்னாடி போய் நின்னுட்டு யோசிங்க, இங்க நின்னு யோசிக்காதீங்க." எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார். போன தை மாதம் நீ பெயர் சொல்லாமல் ஒரு ஆத்துமாவுக்காகப் பூசை வைக்கச் சொன்னாயாம். யாருக்கு என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போனாயாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவருக்கென்ன, அங்கியைப் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டுப் போய்விடுவார், பிள்ளை குட்டியோடு இருக்கிறவன் நான் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் அந்தப் பூசை விஷயம் மனதைவிட்டு அகலவில்லை. நான் கொன்றவருக்காக நீ செபித்திருக்கிறாய். நான் ஒரு தடவைகூட அவர் பெயரைச் சொல்லிச் செபித்ததில்லை. ஆண்டவர் எனக்காக மரித்தார் என்பதை இத்தனை வருஷமும் நான் எப்படி எடுத்துக்கொண்டேன்? எனக்காக ஒருவர் நின்றுவிட்டார், இனி நான் நிற்கவேண்டியதில்லை என்று. அவர் சுமந்தது நான் ஒளிந்துகொள்வதற்கா? நான் திரும்பி மனுஷர் முகத்தைப் பார்ப்பதற்குத்தானே? உன் சிலுவைக்குப் பின்னால் நான் நடக்கவில்லை அண்ணே, ஒளிந்துகொண்டுதான் போனேன்.

முதலில் ரீட்டாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "அவரு பைக்குல பின்னாடி புள்ளைய ஏத்தாதீங்கன்னு சொன்னேனே. அவரு காதுபடவே சொன்னேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகுதான் நீ ஜென்சியைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தியே கூட்டிப்போக ஆரம்பித்தாய்.

போன மாதம் குரும்பலூருக்குப் போனேன். பொன்னம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டிருந்தார். வெங்காயம்தானா கண்ணில் பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன். ஏரிக்கரை வளைவு, உன் தூக்கம், கதவைத் திறந்து நீ சொன்னது, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை. முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீயா?"

"ஆமாங்க."

"கோர்ட்டு வாசல்ல அந்த மனுசன் பக்கத்துலதானே நின்ன?"

"ஆமாங்க."

"நான் தூத்தறதப் பாத்துக்கிட்டா நின்ன?"

"ஆமாங்கம்மா."

அவர் எழுந்தார். எனக்குப் பக்கத்தில் ஈர மண் குவிந்து கிடந்தது. தூற்றுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தூற்ற வேண்டும் என்று ஏங்கினேன் என்பதுதான் உண்மை. பதினாறு வருஷமாக எனக்கு வர வேண்டியது வந்து விழட்டும் என்று நின்றேன்.

"மண்ணு விழும்னு நிக்கிறியா?" என்று அவர் குரல் கேட்டது. "தூத்திட்டேன்னா நீ நிம்மதியாப் போயிடுவ. மாட்டேன்." பிறகு உள்ளே போய்விட்டார். நான் அந்த வெயிலிலேயே நின்றேன். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார், முகம் கழுவியிருந்தார். "அந்த மவராசன எங்க பொதச்சீங்க? ஒங்க ஆளுங்க செத்தவங்களுக்கு எப்ப கும்புடுவீங்க?" என்று கேட்டார். நாளைச் சொன்னேன். பூசையில் தங்கராசு பெயரை வாசிக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். "அவரு பேரச் சொல்றதுக்கு எந்தச் சாமியா இருந்தா என்ன" என்றார்.

நேற்று வந்தவர் அவர்தான் அண்ணே. காலை பஸ்ஸில் தனியாக வந்தார். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்து, உன் தலைமாட்டில் நின்று, கல்வெட்டில் உன் பெயரை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு குனிந்து ஒரு கை மண்ணை எடுத்தார்.

"பொதைக்கையில நீங்க எல்லாரும் மண்ணு போடுவீங்களாமே."

"ஆமாங்க."

"நான் அன்னிக்கு இல்ல" என்று சொல்லி, அந்த மண்ணைச் சிந்தாமல் உன் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திவிட்டார். "அன்னிக்குத் தூத்துனது ஒனக்கு இல்லய்யா சாமி. நான் திரும்ப எடுத்துக்கிட்டேன். எம் மவளுக்கு ஒங்க ஆண்டவருகிட்ட ஒரு வார்த்த சொல்லு" என்றார். ஜென்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உன் சாவுக்குக்கூட அப்படி அழுததில்லை.

போகும்போது என்னிடம் திரும்பினார். "ஒன்ன மன்னிச்சேன்னு நான் சொல்லல. அது வர்றப்ப வரட்டும். தை மாசம் எங்க வூட்டுக்காரருக்குத் திதி. அவரு படத்துக்கு முன்னால வந்து நீ ஒன் வாயால சொல்லணும். எம் மவ, மாப்பிள்ளை, அவரு பங்காளிங்க எல்லாரும் இருப்பாங்க. அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் குறுக்க வரமாட்டேன்."

போவேன் அண்ணே. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. நாளைக் காலை பள்ளிக்கூடத்தில் உள்ளதைச் சொல்லி வேன் சாவியைக் கொடுத்துவிடுவேன். வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர்கள் இஷ்டம். இதைப் படித்துவிட்டு ஸ்டேஷனில் கூப்பிட்டாலும் போவேன். வரும் பெரிய வெள்ளியில் அந்தப் பெரிய சிலுவையை யார் தூக்குவது என்று இப்போதே கேட்கிறார்கள். அதைத் தூக்க எனக்கு இன்னும் தகுதியில்லை, வேறு யாராவது தூக்கட்டும்.

பயமாகத்தான் இருக்கிறது. தங்கராசுவின் படத்துக்கு முன்னால் நின்று வாய் திறக்கும்போது ஓடிவிடத் தோன்றும். உனக்கு நான் செய்து கொடுத்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இன்னொரு சத்தியம் செய்கிறேன், இது உன்னைத் தவிர வேறு யார் பேரிலும் இல்லை. அந்த இடத்தில் நான் நிற்பேன். நீயே வந்து கதவைத் திறந்து "நவுருடா" என்றாலும் நகர மாட்டேன்.

அன்று வண்டியை ஓட்டியவன்,
உன் தம்பி சூசை.